கடலுக்கு ஒரு காது



நாடகக்காரனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தச் செய்தியைப் படித்தாலும் அதைக் காட்சியாக்கிப் பார்ப்பான். திரையை எப்போது தூக்குவது, விளக்கு யார்மீது விழவேண்டும், எந்தப் பாத்திரம் எந்தப் பக்கமிருந்து நுழையவேண்டும் என்று அவன் மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையிலே, சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வாயிலிலே, 1971ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18ஆம் நாள், நள்ளிரவு கடந்த பொழுதில் நடந்ததைப் படித்தபோது எனக்கும் அதுதான் நேர்ந்தது.

காட்சியைக் கேளுங்கள். தங்கவாயில் என்று பொருள்படும் கோல்டன் கேட் பாலம் மேலே நிற்கிறது; நிற்பது தெரியாதவாறு மூடுபனி! கையை நீட்டினால் விரல் தெரியாத வெண்ணிருள். உள்ளிருந்து ஒரு கப்பல் வெளியே வருகிறது: பெயர் ஓரிகன் ஸ்டாண்டர்டு. வெளியிலிருந்து ஒரு கப்பல் உள்ளே வருகிறது: பெயர் அரிசோனா ஸ்டாண்டர்டு. இரண்டின் வயிற்றிலும் எண்ணெய். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வாயிற்படியில், ஒருவரை ஒருவர் காணாமல் எதிரெதிரே வருகிறார்கள்!

மூன்றாவது பாத்திரம் ஒன்று உண்டு. கரையிலே, கடற்காவல் படையின் ராடார்த் திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கிறான் ஒரு பணியாளன். அப்போது சோதனை முறையில் நடந்துவந்த ஏற்பாடு அது. விரும்பிய கப்பல் பேசலாம், விரும்பாத கப்பல் வாய்மூடிப் போகலாம். அவன் காண்கிறான், இரு புள்ளிகள் நெருங்குவதை. கூப்பிடுகிறான். அரிசோனா பதில் சொல்கிறது. ஓரிகனைக் கூப்பிடுகிறான், பதில் இல்லை. மீண்டும் கூப்பிடுகிறான்; பதில் இல்லை! ஓரிகனில் உள்ளவர்கள் உறங்கிவிட்டார்களா? இல்லை. வயர்லெஸ் கருவி பழுதாகிவிட்டதா? அதுவும் இல்லை. கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. வேறோர் அலைவரிசையில் இருந்தது. அவன் கூவிய குரல் பனியைத் துளைத்துக்கொண்டு ஓரிகனின் மேல்தளம்வரை போயிற்று. அதன் காதிலே மட்டும் நுழையவில்லை.

அரிசோனாவின் முகப்பு ஓரிகனின் விலாவிலே பாய்ந்தது. கொம்பு சிக்கிய காளைகளைப்போல இரண்டும் பிணைந்துகொண்டு, அலை இழுத்த பக்கம் மிதந்து விரிகுடாவுக்குள் போயின. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. அது நல்லூழ். கொட்டிய எண்ணெயோ ஏறத்தாழ எட்டு இலட்சம் காலன்! அளவைக் குறிக்கத்தான் காலன் என்று எழுதினேன். கடற்பறவைகளுக்கு அது மெய்யாகவே காலன் ஆயிற்று. ஆயிரம் ஆயிரமாய் அவை இறகு ஒட்டிக் கரையொதுங்கின. மாணவர்களும், இல்லத்தரசிகளும், வேலையை விட்டுவிட்டு ஓடிவந்த ஊர்மக்களும் எண்ணெயை உறிஞ்ச வைக்கோலை வாரி வாரி அலைமீது எறிந்தார்கள். நிலவுக்கு ஆளனுப்பிய நாடு, தன் வாயிற்படியைத் துடைக்க வைக்கோலைத் தேடிற்று!

இங்கே திரையைச் சற்று நிறுத்திவைத்து ஒன்று கேட்கிறேன். எது இல்லாததால் நேர்ந்தது இந்தக் கேடு? கண் இல்லையா? ராடார் இருந்தது. வாய் இல்லையா? வயர்லெஸ் இருந்தது. அறிவு இல்லையா? பல்லாண்டு கடல் கண்ட மீகாமர்கள் இருந்தார்கள். எல்லாம் இருந்தன. இந்த நீரிலே போகிற கப்பல்கள் அனைத்தும் இந்த ஒரே அலைவரிசையில் காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று ஆணையிடும் சட்டம் ஒன்றுதான் இல்லை.

கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு மேடைக்கு ஓடிவந்தவன் நான். அலைநீளம் என்ன, அதிர்வெண் என்ன என்று என்னைத் தேர்வு வைத்தால் தோற்றுப்போவேன். ஆனால் ஒலிபெருக்கியை அறிவேன்! பத்தாயிரம் பேர் கூடிய திடலில் ஒரே ஒரு ஒலிபெருக்கி. அதன் முன்னால் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? இருவர் பேச்சும் யாருக்கும் புரியாது. கப்பல் வயர்லெஸ் அதைவிடப் பொல்லாதது. அழுத்துவிசையை அழுத்திப் பேசுகிறவன் அந்நேரம் செவிடனாகிறான். கேட்க வேண்டுமானால் விசையை விட்டு, ஊமையாக வேண்டும். இருவர் ஒருங்கே பேசினால், வலுவான குரல் மெலிந்த குரலை விழுங்கிவிடும். விழுங்கப்பட்டவனுக்குத் தான் விழுங்கப்பட்டதே தெரியாது. இன்னுயிர் காக்க ஒருவன் கூவிக்கொண்டிருப்பான். பக்கத்துக் கப்பல்காரன் கரைக்குப் போனதும் என்ன உண்பது என்று தோழனோடு பேசிக்கொண்டிருப்பான். அலைக்கு இரண்டும் ஒன்றே.

ஆகவேதான் கடல்வழி வானொலியைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வேலை கொடுத்தார்கள். 16ஆம் அலைவரிசை ஆபத்தில் அலறுவதற்கும், ஒருவரை ஒருவர் முதலில் கூப்பிடுவதற்கும். கூப்பிட்டு முடிந்ததும் வேறு வரிசைக்குப் போய்விட வேண்டும். வாசற்படியிலே உட்கார்ந்து கதை பேசக்கூடாது. சான்பிரான்சிஸ்கோ விபத்து நடந்த அதே 1971ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கப்பல் மேல்தளத்துக்கும் கப்பல் மேல்தளத்துக்கும் நேர்ப்பேச்சு வேண்டும் என்ற சட்டம் அமெரிக்காவில் பிறந்தது. அதற்கென்று 13ஆம் அலைவரிசை ஒதுக்கப்பட்டது. பெரிய கப்பலும், பயணிகளை ஏற்றிச் செல்லும் கப்பலும், இழுவைப் படகும், தூர்வாரும் கப்பலும் அதில் ஓயாமல் காதுகொடுக்க வேண்டும். எங்கோ கீழ்த்தளத்தில் இருக்கும் தந்திக்காரன் அல்ல, கப்பலைச் செலுத்துகிறவனோ அவனருகே நிற்பவனோ கேட்க வேண்டும்! அடுத்த ஆண்டு, 1972இல், துறைமுக நீர்வழிப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கரையிலிருந்து கப்பற் போக்குவரத்தைக் கண்காணிக்கக் கடற்காவல் படைக்கு அதிகாரம் கிடைத்தது. சோதனையாக இருந்தது சட்டமாயிற்று. இன்று சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவுக்குள் 14ஆம் அலைவரிசை, அதற்கு வெளியே 12ஆம் அலைவரிசை. புறப்படுவதற்குக் கால் மணிக்கு முன்னதாகவே கப்பல் தன் பெயரையும், இருக்குமிடத்தையும், போகுமிடத்தையும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சட்டத்தின் விதிகளில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சிறு செய்தி. 13ஆம் அலைவரிசையில் பேசுவதற்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் ஆற்றல் எவ்வளவு தெரியுமா? ஒரே ஒரு வாட்! கப்பல் வயர்லெஸ் 25 வாட்வரை முழங்க வல்லது. அதை ஒன்றுக்கு இறக்கிவிட்டார்கள். ஏன்? பக்கத்தில் வருகிறவனுக்குக் கேட்டால் போதும். அடுத்த துறைமுகத்துக்காரன் காதை அடைக்காதே என்பதற்காக. நெருக்கடி நேர்ந்தால் மட்டும் குரலை உயர்த்தலாம். மேடையிலே முழங்குவதையே தொழிலாகக் கொண்ட என் போன்றவர்களுக்கு இந்த விதி சற்று உறுத்தத்தான் செய்கிறது, உறுத்தட்டும்.

இப்படிக் கட்டுப்பாடு விதிக்கலாமா, கடல் என்றால் கட்டற்றதல்லவா, கப்பலுக்குத் தலைவனே மன்னன் அல்லவா, அவன் மதிநுட்பத்துக்கு மேல் கரையிலிருப்பவன் கட்டளை எதற்கு என்று வாதிடுவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அவர்களுக்கு வடஅட்லாண்டிக் கடல் 1912ஆம் ஆண்டிலேயே பதில் சொல்லிவிட்டது. டைட்டானிக் மூழ்கிய இரவில், கலிபோர்னியன் என்ற கப்பல் தொலைவில் இல்லை. அதன் தந்திக்காரர், பனிக்கட்டி சூழ்ந்து நின்றுவிட்டோம் என்று எச்சரிக்க முனைந்தார். டைட்டானிக்கின் தந்திக்காரரோ பயணிகளின் தந்திகளைக் கரைக்கு அனுப்பும் வேலையில் மூழ்கியிருந்தார். குறுக்கிடாதே என்று அடக்கிவிட்டார். அடக்கப்பட்டவர் சிறிது நேரம் காத்திருந்து, கருவியை நிறுத்திவிட்டு உறங்கப் போனார். பிறகு டைட்டானிக் அலறியபோது அருகிலிருந்த காது மூடிக்கிடந்தது! உறங்கியது அவர் குற்றமா? கப்பலுக்கு ஒரே தந்திக்காரர், அவரும் மனிதர். இரவு பகல் எந்நேரமும் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று விதி இல்லை. 1,500 பேர் குளிர்நீரிலே மாண்டபின், அதே ஆண்டில் அமெரிக்கா வானொலிச் சட்டம் இயற்றிற்று. காற்றை யார் எப்படிப் பயன்படுத்துவது என்பது முதலாளியின் விருப்பமன்று, பொதுமக்கள் வழக்கு என்பது அப்போதுதான் சட்ட ஏட்டிலே ஏறிற்று.

சட்டம் வந்தது, ஒதுக்கீடு வந்தது, ராடார் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். 2007ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் காலை என்னைத் தடுக்கிறது. அதே சான்பிரான்சிஸ்கோ! அதே மூடுபனி! கோஸ்கோ பூசான் என்னும் சரக்குப் பெட்டகக் கப்பல் ஓக்லாந்திலிருந்து புறப்பட்டு, விரிகுடாப் பாலத்தின் தூண்காப்பிலே மோதி, 53,500 காலன் எண்ணெயைக் கக்கிற்று. இம்முறை அலைவரிசை சரியாக இருந்தது. காதும் திறந்திருந்தது. கரையிலிருந்தவர்கள் கப்பலின் போக்குக் கோணலாவதைத் திரையிலே கண்டார்கள், கூப்பிட்டார்கள், எங்கே போகிறாய், என்ன கருதுகிறாய் என்று வினவினார்கள். வழிகாட்டி மாலுமியும் விடை சொன்னார். விடை சொன்னதும் அமைதி! நேரே பாலத்தை நோக்கிப் போகிறாய், நிறுத்து என்று எவரும் சொல்லவில்லை. விசாரணை வாரியம் முதன்மைக் குற்றத்தைக் கப்பலில் இருந்தோர்மீதே வைத்தது, சரியான தீர்ப்புத்தான். ஆயினும் கண்காணிப்பு நிலையத்தார் தம் அதிகாரத்தை எப்போது எப்படிப் பயன்படுத்துவது என்று தெளிவாக வரையறுக்கவும் சொல்லிற்று. கட்டளையிடும் அதிகாரம் சட்டத்திலே இருந்தது, தோழர்களே, நாக்கிலே இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் வழக்குரைஞனாவேன், எழுத்தாளனாக மாட்டேன். வயர்லெஸ்ஸே விபத்துக்கு வித்திட்ட கதைகளும் உண்டு. இருட்டிலே, “என் வலப்புறம் வரும் கப்பலே!” என்று ஒருவன் கூப்பிட, அவன் நினைத்த கப்பல் கேட்காமல், வேறொரு கப்பல் “ஆகட்டும்” என்று பதில் சொல்ல, ஒப்பந்தம் ஒருவனோடு, மோதல் இன்னொருவனோடு! பேசிப் பேசியே திருப்ப வேண்டிய நேரத்தைத் தின்றுவிட்டு மோதியவர்களும் உண்டு. அதனால்தான் பிரிட்டானியக் கடல்துறை, வயர்லெஸ் பேச்சை நம்பிக் கடல்வழி விதிகளை மறவாதீர் என்று மாலுமிகளை எச்சரித்திருக்கிறது. 2008ஆம் ஆண்டு சனவரியில் ஓர்மசு நீரிணையிலே அமெரிக்கப் போர்க்கப்பல்களும் ஈரானின் விரைபடகுகளும் நேருக்குநேர் நின்றபோது, யாருடையது என்றே தெரியாத ஒரு குரல் திறந்த அலைவரிசையில் புகுந்து மிரட்டிற்று. போர் மூளுமோ என்று உலகம் திகைத்தது. அந்தக் குரல் படகிலிருந்துதான் வந்தது என்று பின்னர் அமெரிக்கராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காவலில்லாத ஒலிபெருக்கியை எவனும் பிடிப்பான்.

இவ்வளவும் அயலார் கடலின் கதை என்று தோள்குலுக்க வேண்டாம். 2017ஆம் ஆண்டு சனவரி 28ஆம் நாள் விடியற்காலை, நம் எண்ணூர்க் காமராசர் துறைமுகத்தின் வாயிலருகே ஒரு கப்பல் வெளியே வந்தது. ஒரு கப்பல் உள்ளே போயிற்று. வெளியே வந்தது எரிவாயுவை இறக்கிவிட்டு வந்த பி.டபிள்யூ. மேப்பிள். உள்ளே போனது எண்ணெய் சுமந்த டான் காஞ்சிபுரம். சான்பிரான்சிஸ்கோ நாடகத்தையே தமிழில் அரங்கேற்றியதுபோல இரண்டும் மோதின. சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று முதலில் அறிக்கை வந்தது. அறிக்கைக்குப் பின்னால் எண்ணெய் வந்தது! கடற்கரையெங்கும் கறுப்புக் கூழ். அதை அள்ளக் கையில் வாளியோடு வரிசையாக நின்றார்கள் நம் பிள்ளைகள். 1971இல் அங்கே வைக்கோல்; 2017இல் இங்கே வாளி. மீன் வாங்க ஆளின்றிச் சந்தையில் கூடை கவிழ்த்து வைத்திருந்த மீனவப் பெண்ணுக்கு, எந்த மேல்தளத்தில் எவன் எவனிடம் என்ன பேசினான், அல்லது பேசாமல் விட்டான் என்பது தெரியுமா?

எண்ணெயைக்கூட அள்ளிவிடலாம். ஆளை?

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள், கேரளத்து முனம்பத்திலிருந்து போன ஓசியானிக் என்ற மீன்பிடி விசைப்படகை இருட்டிலே ஒரு பெருங்கப்பல் இடித்துச் சென்றது. படகில் 14 பேர். பெரும்பாலோர் நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள். உயிரோடு மீட்கப்பட்டவர் இருவர். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் மீண்டும் ஒரு மோதல். அந்தப் படகிலும் 14 பேர்; தமிழகத்தாரும் வங்காளத்தாரும். அங்கும் மீண்டவர் இருவர்! இரு படகிலும் போனவர் 28, வந்தவர் 4.

இந்த இடத்தில்தான் நான் இதுவரை புகழ்ந்த சட்டங்களின் கிழிசல் தெரிகிறது. கடலில் உயிர்காக்கும் உலக ஒப்பந்தத்தின் வானொலி விதிகள் 300 டன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பலுக்கு எழுதப்பட்டவை. மீன்பிடிப் படகு அதில் இல்லை. பெரியவனும் பெரியவனும் மோதாமலிருக்க அலைவரிசை ஒதுக்கினார்கள். பெரியவன் சிறியவன்மீது ஏறாமலிருக்க யார் ஒதுக்கினார்கள்? மீனவன் கையிலே வயர்லெஸ் இருந்தாலும், அது கையடக்கக் கருவி. 5 வாட்டுக்கு மேல் பேசாது. இந்த அலை நேர்கோட்டிலே போவது. உயரத்தில் கம்பி நட்டவனுக்கே தொலைவு எட்டும். மாளிகை உயரத்து மேல்தளத்திலிருந்து பேசுகிறவன் குரல் படகிலே விழும். அலைப்பள்ளத்தில் கிடக்கிற படகின் குரல் அவ்வளவு தூரம் ஏறாது. ஏறினாலும், வலுத்த குரல் மெலிந்ததை விழுங்கும் என்று சொன்னேனே, அது நினைவிருக்கட்டும்.

நம்மவர் பக்கம் தவறே இல்லை என்று கைதட்டல் வாங்க நான் சொல்லமாட்டேன். விளக்கின்றி நங்கூரமிட்டுத் தூங்கிய படகுகள் உண்டு. 16ஆம் அலைவரிசையிலே பாட்டும் கேலியும் நடத்துகிற இளவட்டங்கள் உண்டு. அவர்கள் விளையாடும் அந்த நொடியில் பக்கத்துப் படகுக்காரனின் அலறல் அமுங்கிப்போகும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சாலையிலே வண்டியோட்ட உரிமம் கேட்கும் அரசு, கருவியைக் கையில் கொடுக்கும்போது பேசும் முறையையும் கூடவே கொடுக்க வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன் குளச்சல் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்தபின் கடற்கரையிலே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இரவிலே கப்பல் நெருங்கினால் வயர்லெஸ்ஸில் பேசுவீர்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, கப்பல்காரன் பேசுறது எங்க செட்டிலயும் கேக்கும். எல்லாம் இங்கிலீசு. நம்மளத்தான் விளிக்கானா, வேற கப்பலையா, எப்படித் தெரியும்? டார்ச் லைட்ட எடுத்து ஆட்டுவோம். அவன் பாத்தாப் பாத்தான்.”

கடல்வழிப் பேச்சுக்கென்று உலகக் கடல்சார் அமைப்பு 2001ஆம் ஆண்டில் வரையறுத்த தொடர்கள் ஆங்கிலத்தில் உள்ளன. பலநாட்டு மாலுமிகளுக்கிடையே ஒரு பொதுமொழி வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. பிலிப்பைன்ஸ்காரரும் உக்ரைன்காரரும் வேறெப்படிப் பேசிக்கொள்வது? ஆனால் அரபிக்கடலிலும் வங்கக்கடலிலும் நம் கரையோரமாகக் கப்பல் போகும்போது, அதன் எதிரே நிற்பவன் பிலிப்பைன்ஸ் மாலுமி அல்லன், இராமன்துறைக்காரன். அவனுக்கும் அந்தக் கப்பலுக்கும் நடுவே கரையில் ஒருவர் இருக்கவேண்டும். கப்பலின் போக்கைத் திரையிலே பார்த்து, மீனவர் கேட்கும் அலைவரிசையில் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் “வடக்கேயிருந்து பெருங்கப்பல் வருகிறது, விளக்கைப் போடு, விலகு” என்று சொல்லவும், மறுகணமே கப்பலுக்கு ஆங்கிலத்தில் “உன் வழியில் படகுகள், திருப்பு” என்று சொல்லவும் வல்லவராக அவர் இருக்கவேண்டும். வினவுவதோடு நிற்காமல் ஆணையிடும் அதிகாரமும் அவருக்கு எழுத்தில் வேண்டும். விடியலுக்கு முந்திய அந்தக் கடைசிச் சாமத்திலும் அவர் இருக்கையில் இருக்கவேண்டும். எண்ணூரிலும் ஓசியானிக் படகிலும் இடி விழுந்தது அந்தச் சாமத்தில்தான்.

தொழிலாளி ஒருவரின் சம்பளம், ஓர் உயரமான கம்பி, சில கருவிகள், நாளைக்கு மூன்று முறை ஆள்மாற்றம். கரைநெடுக இத்தகைய நிலையங்கள் எத்தனை, அவற்றுள் எத்தனையில் மீனவர் மொழி பேசும் ஆள் இரவு முழுவதும் அமர்ந்திருக்கிறார் என்று சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் நம் உறுப்பினர்கள் கேள்வியாக எழுப்பவேண்டும். பதிலை எண்ணிக்கையில் கேட்கவேண்டும், துறைமுகம் துறைமுகமாக. ஆவன செய்யப்படும் என்ற பதில் வந்தால், அதை ஏற்காமல், அடுத்த கூட்டத்தொடரில் அதே கேள்வியை மீண்டும் கேட்கவேண்டும்.